நாற்பது டிகிரித் தண்ணீர்

சிங்கப்பூரில் வீட்டுக் கணினியைத் தண்ணீரால் குளிரூட்ட நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு வெப்பமானி. பம்ப் அப்புறம், ரேடியேட்டர் அப்புறம், வளைத்து வளைத்துப் போடும் குழாய்கள் அதற்கும் அப்புறம். கணினி நிற்கப்போகும் மேசைக்கருகில் அந்த வெப்பமானியை வைத்து, மத்தியானம் 3 மணிக்கும் இரவு 11 மணிக்கும் விடிகாலையிலும் அது என்ன காட்டுகிறது என்று ஒரு வாரமாவது குறித்துவைக்க வேண்டும். கதவு சாத்தியிருந்ததா, ஜன்னல் திறந்திருந்ததா, ஏர்கான் ஓடியதா என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். மற்ற எல்லாக் கணக்கும் அந்தத் தாளிலிருந்துதான் பிறக்கும்.

இந்தக் கலையைப் பற்றி நாம் படிப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளில் எழுதப்பட்டவை. அங்கே அறை 20, 21 டிகிரியில் இருக்கும். அதே ரேடியேட்டரை, அதே விசிறிகளை சிராங்கூன் சாலைப் பக்கத்து அடுக்குமாடி வீடொன்றில் வைத்தால் அறை 30 டிகிரியில் நிற்கும்; ஏப்ரல், மே மத்தியானங்களில் 32. ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர், அதன்மேல் வீசும் காற்றைவிட ஒருபோதும் குளிராது. எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த விதி மாறாது. அங்கே 30 டிகிரியில் ஓடும் தண்ணீர் இங்கே 40 டிகிரியில் ஓடும். முதல் தடவை அந்த எண்ணைத் திரையில் பார்ப்பவர்கள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். ஒன்றும் கெடவில்லை. 40 டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு நன்றாக வாழ முடியும், அதற்கென்றே திட்டமிட்டால்.

என் பிழைப்பும் இதுதான், அளவு மட்டும் வேறு. நகரத்துக் கட்டடங்களில் சில்லர் பராமரிக்கும் வேலை. கட்டடத்தின் வெப்பத்தைச் சுமந்து மொட்டைமாடிக்குப் போகும் தண்ணீர், குளிர்கோபுரத்தில் விழுந்து, இந்த ஊர் ஈரக்காற்றில் ஆறி, கிட்டத்தட்ட 30 டிகிரியில் திரும்பி வரும். அதைத்தான் நாங்கள் குளிர்ந்த தண்ணீர் என்று கணக்கில் எழுதுகிறோம். ஈரப்பதம் விடிகாலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் அதற்குக் கீழே அதிகம் இறக்க முடியாது. அந்த 30 டிகிரியை நம்பித்தான் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. மரினா பே பகுதியில் 2006 முதல் தரைக்கடியில் இயங்கும் வட்டாரக் குளிரூட்டு நிலையம் பல கட்டடங்களுக்கு ஒரே இடத்திலிருந்து குளிர்நீர் அனுப்புகிறது. உலகிலேயே பெரிய நிலத்தடிக் குளிரூட்டுக் கட்டமைப்பு என்று அதைச் சொல்வார்கள். கணினிப் பெட்டிக்குள் நாம் அமைப்பதும் பம்ப், குழாய், வெப்பம் வாங்கும் இடம், வெப்பம் விடும் இடம் என்ற அதே நான்குதான். தண்ணீர் இங்கே சுமை தூக்கும் ஆள். சுமையை இருந்த இடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோகும், இல்லாமல் ஆக்காது.

அக்கா வீடு பஃபலோ ரோட்டில், தேக்கா நிலையத்தை ஒட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில். அவள் மகன் பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறான். அவன் வேலை ராத்திரி வேலை. காட்சியை அமைத்துவிட்டு ரெண்டர் போட்டால் கணினி விடியவிடிய முழு மூச்சில் ஓடும். பக்கத்து அறையில் அக்கா தூங்க வேண்டும். இருந்த விசிறிகள் போட்ட சத்தம் கதவைத் தாண்டி வந்தது. "மாமா, இதை அமைதியா ஆக்க முடியுமா?" என்றுதான் அவன் கேட்டான். வேகம் கூட்ட முடியுமா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தண்ணீர்க் குளிரூட்டலுக்கு நேர்மையான காரணம் அது ஒன்றுதான். வெப்பம் குறைய வேண்டும் என்பதற்காக மட்டும் வருகிறவருக்கு நல்ல காற்றுக் குளிரூட்டியே போதும். செலவும் குறைவு, ஒழுகவும் செய்யாது.

அவன் கணினியில் ரைசன் 9 5950எக்ஸ் பிராசசர். அது இழுக்கும் உச்ச மின்சாரம் 142 வாட். ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கு 320 வாட். இரண்டும் சேர்ந்து 460 வாட்டுக்குச் சற்று மேல். பெட்டிக்குப் பின்னால் எழுதியிருக்கும் பவர் சப்ளை அளவை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அது தரக்கூடிய அளவு, நாம் செலவிடும் அளவு வேறு. தண்ணீருக்குள் இறங்கும் வெப்பம் இந்த 460 வாட்தான். மதர்போர்டு, நினைவகம், சேமிப்பகம், பவர் சப்ளையின் இழப்பு எல்லாம் காற்றோடு போகும். சுவர் பிளக்கில் அளந்தால் மொத்தம் 550 வாட் அளவில் வரும்.

இந்த ஆர்வம் உள்ளவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று உட்காரும் அளவு ரேடியேட்டர், விசிறி நடுத்தர வேகத்தில் ஓடும்போது, தண்ணீர் காற்றைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறத்தாழ 100 வாட்டை வெளியேற்றும். கணக்குத் துல்லியமில்லை, ஆனால் திட்டம் போடப் போதும். அதன்படி 460 வாட்டுக்கு ஐந்து விசிறி இடம் வேண்டும். ஆனால் நமக்கு அமைதி வேண்டுமே. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஓசை 15 டெசிபல் அளவில் இறங்கும் என்பது விசிறி விதி. காற்றும் பாதியாகிவிடும் என்பது அதே விதியின் மறுபக்கம். நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓட்ட வேண்டுமென்றால் ஓர் இடத்துக்கு 60, 70 வாட் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். எனவே இரண்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், ஆறு விசிறி. தண்ணீர் அறையைவிட 11, 12 டிகிரி மேலே நிற்கும். அறை 30 என்றால் தண்ணீர் 42.

அந்த 42 டிகிரி யாரைப் பாதிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கிராஃபிக்ஸ் சிப்பைக் கேட்டால் அதற்குக் கவலையே இல்லை. 3080-இல் இருப்பது 628 சதுர மில்லிமீட்டர் சிப். வெப்பம் இறங்க அகலமான வாசல். வெப்பத்தை வாங்கித் தண்ணீரில் விடும் நல்ல பிளாக் பொருத்தினால் தண்ணீரைவிடப் பதினைந்து டிகிரிக்குள் நிற்கும். 57 டிகிரியில் அது உற்சாகமாக ஓடும். பிராசசர் கதை வேறு. 5950எக்ஸில் வெப்பம் பிறப்பது தலா 80 சதுர மில்லிமீட்டர் கொண்ட இரண்டு சிறு சிப்களில். அதன்மேல் உலோக மூடி, மூடிமேல் பேஸ்ட், அப்புறம்தான் செம்பு. அந்தக் குறுகலான வழியைத் தாண்டி வருவதற்குள்ளேயே 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். தண்ணீரை ஐந்து டிகிரி குறைத்தால் சிப்பும் ஐந்து டிகிரி குறையும், அவ்வளவுதான்; வாசல் அகலமாகாது. அதனால்தான் பணம் குறைவாக இருப்பவர்களிடம் நான் சொல்வது: கார்டுக்குத் தண்ணீர் கொடு, பிராசசருக்குக் காற்றே போதும். கடைக்காரர்கள் தலைகீழாகச் சொல்வார்கள்.

சூடான தண்ணீரால் குளிரூட்டுவது ஏழைகளின் சமாளிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். பெருங்கணினி கட்டியவர்கள் போன பாதையைப் பார்த்தால் இது தெரியும். 1985-இல் வந்த கிரே-2 தன் மின்சுற்றுப் பலகைகளை ஃப்ளூரினெர்ட் என்னும் மின்கடத்தாத் திரவத்தில் முழுக முழுகக் குளிப்பாட்டியது. கால் நூற்றாண்டு கழித்து, 2010-இல், ஐபிஎம்மும் சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த அக்வாசார், 60 டிகிரித் தண்ணீரையே சிப்களுக்கு அனுப்பிக் காட்டியது. சிப் 85 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் போதும். 60 டிகிரித் தண்ணீரால் அதைச் செய்ய முடியும். திரும்பி வரும் வெந்நீரால் பல்கலைக்கழகக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். இரண்டாண்டுக்குப் பின் மியூனிக் அருகே கார்ஷிங்கில் சூப்பர்மக் இதே வழியில் எழுந்தது. குளிர்நாட்டுக்காரர்கள் வேண்டி விரும்பி ஏற்ற சூடு நமக்கு இயற்கையாகவே கிடைக்கிறது.

இந்தத் தீவும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. 2020-இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்கள் விழுங்கின. 2019-இல் புதிய நிலையங்களுக்குப் போட்ட தடை 2022-இல்தான் தளர்ந்தது. 2023-இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது: அறைகளைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் உயர்த்துங்கள், ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்று. பல்லாண்டுகள் 22 டிகிரியில் நடுங்கிக்கொண்டு வேலை பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய செய்தி.

சரி, வீட்டுக்கு வருவோம். பல பேர் மறந்துவிடும் பகுதி, அறை.

மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் படுக்கையறையில் இருக்கும் காற்று எடை போட்டால் 27 கிலோ அளவில்தான் வரும். 550 வாட் அந்தக் காற்றுக்குள் மட்டுமே போனால், 50 விநாடிக்கு ஒரு டிகிரி என்று ஏறும். கான்கிரீட் சுவரும் தரையும் அலமாரியும் குடித்துக்கொள்வதால் உண்மையில் மெதுவாக ஏறுகிறது. ஆனால் விடியவிடிய ஓடும் ரெண்டருக்கு முன்னால் சுவரும் நிரம்பிவிடும். இரண்டு மணி நேரத்தில் அறை 33-ஐத் தொடும், தண்ணீர் பின்னாலேயே 45-க்குப் போகும். ரேடியேட்டரைப் பெரிதாக்கி இதைத் தீர்க்க முடியாது. மூன்றாவது ரேடியேட்டர் வாங்கத் துடித்த மருமகனிடம், "கடைசி ரேடியேட்டர் ஜன்னல்தான்டா" என்றேன். ஜன்னலைத் திறந்து, பழைய மேசை விசிறி ஒன்றை வெளியே பார்த்து வைத்து, எதிர்க் கதவைச் சற்றுத் திறந்து விட்டால் அறையின் வெப்பம் தாழ்வாரக் காற்றோடு போகிறது. அதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை; எந்த விலையுயர்ந்த பாகமும் அவ்வளவு டிகிரியைக் குறைத்ததில்லை.

ஏர்கான் போட்டால் என்ன என்று கேட்கலாம். படுக்கையறைக்கான 9000 பிடியு ஏர்கானின் வலு 2.6 கிலோவாட். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கணினியே தின்றுவிடும்; ஒரு தடவை கணினிக்கு மின்சாரம், அந்த வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு தடவை மின்சாரம். பையன் தூங்கும்போது ஏர்கான் ஓடட்டும், கணினிக்காக ஓட வேண்டாம் என்பது அக்காவின் தீர்ப்பு. மின்கட்டணம் கட்டுபவள் அவள்.

பெட்டிக்குள் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதிலும் இங்கே நான் பிடிவாதக்காரன். இரண்டு ரேடியேட்டரும் அறைக் காற்றை நேரே வெளியிலிருந்து இழுக்க வேண்டும். முன்பக்கம் ஒன்று, அடிப்பக்கமோ பக்கவாட்டிலோ இன்னொன்று. மேலே வைத்து வெளியே ஊதவிடுவது பார்க்க அழகு, ஆனால் முதல் ரேடியேட்டர் சூடாக்கிய காற்றையே இரண்டாவது சுவாசிக்கும். 10 டிகிரி இடைவெளியை நம்பி வாழும் நமக்கு அதில் நான்கைந்து டிகிரி இழப்பது பெரிய இழப்பு. பின்பக்கம் ஒரு விசிறி வெளியே தள்ளினால் போதும். உள்ளே இழுப்பது அதிகமாக இருப்பதால் இடுக்குகள் வழியாகத் தூசி புகாது. வரும் தூசியெல்லாம் வடிகட்டியில் நிற்கும்.

தூசி என்று சொல்லிவிட்டேன். தேக்காவில் அது தூசி மட்டும் அல்ல. கீழே உணவங்காடியின் எண்ணெய்ப் புகை ஏறி வரும். வீட்டுக்குள் தாளிப்பு உண்டு. வெள்ளிக்கிழமை அக்கா சாம்பிராணி போடுவாள். அந்தப் பிசின் புகை ரேடியேட்டர்த் தகடுகளில் படிந்தால் அதன்மேல் தூசி ஒட்டி, ஊதினால் போகாத பழுப்புப் படலமாகிவிடும். சில ஆண்டுகளில் சுமத்ராப் பக்கத்திலிருந்து புகைமூட்டம் வரும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டதை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் அங்குலத்துக்கு 30 தகடு நெருக்கிய ரேடியேட்டர்களை நான் இங்கே யாருக்கும் சொல்வதில்லை. 12, 15 தகடு உள்ளது வாங்குங்கள். மெல்ல ஓடும் விசிறிக்கு அதுதான் வழிவிடும், பெயின்ட் தூரிகையால் சுத்தம் செய்யவும் முடியும். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. புகை போடும் அரை மணி நேரம் கணினியை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

சில இளைஞர்கள் மீன்தொட்டிச் சில்லரை வைத்துத் தண்ணீரை 15 டிகிரிக்கு இறக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அறை 30 டிகிரியில் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். கட்டடங்களில் 6, 7 டிகிரிக் குளிர்நீர் ஓடும் குழாய்களைத் தடித்த ரப்பர் நுரையால் இடைவெளியே இல்லாமல் சுற்றுவது எதற்காக? அந்த உறையில் ஓர் ஓரம் பிரிந்தால் போதும், அடுத்த மாதம் கூரைப் பலகையில் மஞ்சள் கறை தெரியும். என் வேலையில் பாதி அந்தக் கறையைத் தேடிப் போவதுதான். பிராசசரைச் சுற்றி அப்படி வியர்த்தால் கறையோடு நிற்காது.

பம்ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி5 வாங்குங்கள். ஜெர்மனியின் லைங் நிறுவனம் உருவாக்கிய வடிவம் அது; இன்று ஸைலத்தின் கையில் இருக்கிறது, பல பெயர்களில் விற்கிறார்கள். தண்டைச் சுற்றி அடைப்பு வளையம் கிடையாது, உள்ளே ஓடும் தண்ணீரே அதன் உராய்வைத் தணிக்கும். ஆகவே ஒரு நொடிகூட வறண்டு ஓடக்கூடாது. 60 டிகிரிக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது என்பது அதன் வரம்பு. ஐந்தில் மூன்றாம் வேகத்தில் வைத்தால் சத்தமே கேட்காது.

எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டத்தை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 70 வாட் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 460 வாட் அந்தத் தண்ணீரை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல்தான் சூடாக்கும். அதாவது சுற்றில் எங்கே தொட்டுப் பார்த்தாலும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே வெப்பம். முதலில் பிராசசரா, கார்டா, நடுவில் ரேடியேட்டர் வேண்டுமா என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். குழாய் எங்கே குறைவாக வளையுமோ அந்த வரிசையில் போடுங்கள். ஒரே கட்டாயம், தண்ணீர்த் தொட்டியான ரிசர்வாயர் பம்புக்கு மேலே இருக்க வேண்டும்.

வெப்பம் எல்லா இடத்திலும் ஒன்று என்பதால் உணர்வானி ஒன்றே போதும். ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் சிம் லிம் டவருக்குப் போனால் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் கிடைக்கும். மரையோடு சேர்ந்து வரும் தண்ணீர் உணர்வானியும் அதே வகைதான். மதர்போர்டில் அதற்கான இரண்டு ஊசி இணைப்பு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். விசிறி வேகத்தைப் பிராசசர் வெப்பத்தோடு கட்டினால், உலாவியில் ஒரு பக்கம் திறந்தாலும் விசிறி எகிறி எகிறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. தண்ணீரோடு கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் நிதானமானது. அதன் போக்கில் விசிறியும் நிதானமாகும். மருமகன் கணினியில் 38 வரை 550 சுற்று, 43-இல் 750, 48-இல் 1100. 55-ஐத் தொட்டால் தானே அணைந்துவிடும்.

பக்கத்துச் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு காலத்தில் கணினி கட்டுகிறவர்கள் விலைப்பட்டியல் தாள்களைக் கையில் அள்ளிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவார்கள். இப்போது தண்ணீர்க் குளிரூட்டும் பாகங்கள் பெரும்பாலும் இணையத்தில்தான். சீனத்து பேரோ, பிக்ஸ்கி பாகங்கள் ஷாப்பியிலும் தாவ்பாவிலும் வரும், ஜெர்மன் பாகங்கள் நேரே கப்பலேறும். ஆனாலும் பவர் சப்ளையோ விசிறியோ கடையில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதை நான் விடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் அங்கிளிடம் கேட்டால் எந்தத் தொகுதி திரும்பி வந்தது, எது வரவில்லை என்று சொல்வார். அது எந்தத் தளத்திலும் எழுதியிருக்காது.

ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கணினிப் பாகங்களின் துளைகள் ஜி கால் அங்குல மரை. அதே கால் அங்குலத்தில் பித்தளை நிப்பிளும் எல்போவும் அந்தக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். முதல் சுற்றுகளில் உள்ளேயும் போகும். ஆனால் குழாய் வேலைக்கு விற்பதில் பல, கூம்பு மரை. இறுக்க இறுக்கத் தடித்து, மரையே அடைப்பாக மாறும்படி செய்தது. நமக்கு வேண்டியது நேர் மரை. ஒழுகலைத் தடுப்பது அடியில் இருக்கும் ரப்பர் வளையம். கூம்பு மரையை அக்ரிலிக் ரிசர்வாயரில் முறுக்கினால், அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் சூடும் ஆறலுமாகக் கழிந்தபின் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடும். நேர் மரைக்குச் சாவி எதற்கு? கையால் இறுக்கி, வளையம் அமுங்கியதும் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தும் இடத்தை விரல்தான் கற்றுக்கொள்கிறது. சொல்லிக் கொடுக்க முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்டத்தான் முடிகிறது.

உலோகத்தில் சமரசம் கூடாது. செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு, இவை மட்டும். ஒரே தண்ணீரில் செம்போடு அலுமினியம் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் கரைந்து வெள்ளைக் கூழாகி, பிளாக்கின் நுண்கால்வாய்களை அடைக்கும். அந்தக் கால்வாய்களின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் ஊர்ச் சூட்டில் எல்லா வேதிமாற்றமும் இன்னும் கொஞ்சம் அவசரமாகவே நடக்கும். விலை குறைந்த ரேடியேட்டர் எடை இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

குழாயில்தான் மருமகனுக்கும் எனக்கும் நிஜமான பேச்சுவார்த்தை நடந்தது.

"மாமா, ஹார்ட் ட்யூப் போடலாம். உள்ள ஊதா கலர் தண்ணி. செமயா இருக்கும்."

"கலர் வேணும்னா லைட் போட்டுக்கடா. தண்ணி தெளிவா இருக்கட்டும். உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியணும்ல."

"அப்ப ட்யூப்?"

"கறுப்பு ரப்பர்."

முகம் வாடியது. ஆனால் காரணம் கேட்டான், நானும் சொன்னேன். பெட்ஜி குழாய் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். குளிர்நாட்டில் 30-இல் ஓடும் தண்ணீருக்கு அது நல்ல குழாய், பம்ப் நின்றுபோகும் ஒரு ராத்திரியில் நமக்கு அது தரும் இடைவெளி போதாது. கண்ணாடி போன்ற அழகு வேண்டுமென்றால் அக்ரிலிக், அது இன்னும் சூடு தாங்கும், ஆனால் வளைக்கப் பொறுமை வேண்டும். தெளிவான மென்குழாய்களில் சிலவற்றிலிருந்து மென்மையூட்டி கசிந்து, பசைபோலப் பிளாக்கில் படியும். ஈபிடிஎம் ரப்பர் கார் எஞ்சினில் வாழும் ரகம். நாற்பது டிகிரி அதற்கு ஓய்வுநாள். பால்போல் வெளுத்த வண்ணத் திரவங்களில் நுண்துகள்கள் மிதக்கின்றன. ஓட்டம் மெதுவாகும் இடத்தில் வண்டலாகத் தங்கிவிடும். ரிசர்வாயர் மட்டும் ஒளிபுகும் கண்ணாடியாக இருக்கட்டும், அதற்குப் பின்னால் ஊதா விளக்கு வைப்போம் என்று முடிவானது. இரவில் அது அழகாகத்தான் இருக்கிறது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இனி தண்ணீர். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், கணினிக்கு மட்டும் கொடுக்கக்கூடாது. கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமினும் கரைந்த உப்புகளும் செம்புக்கு ஆகா. வாலை வடிநீர் வாங்கி, அதில் அரிப்புத் தடுப்பானும் கிருமிக்கொல்லியும் அளவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது எல்லாம் கலந்த தெளிந்த கூலண்டை வாங்க வேண்டும். வெறும் வடிநீர் போதும் என்பவர்கள் பனி விழும் ஊர்க்காரர்கள். 40 டிகிரியும் ஜன்னல் வெளிச்சமும் கிடைத்தால் பாசி சந்தோஷமாக வளரும். கட்டடங்களின் குளிர்கோபுரத்தில் லீஜியனெல்லா வளராமல் காப்பது இங்கே சட்டக் கடமை. அந்தப் பழக்கத்தால் நான் வீட்டுக் கணினியிலும் கிருமிக்கொல்லியை விடுவதில்லை. வெள்ளிக் கம்பிச் சுருள் போடும் பழைய முறை, நிக்கல் பூசிய பிளாக்குகளோடு ஒத்துப்போவதில்லை.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 2003-இல் தொடங்கிய புதுநீர், கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல், புறஊதா ஒளி என மூன்று கட்டங்களில் சுத்தம் செய்து வருவது. குடிநீரைவிடத் தூய்மையான அந்தத் தண்ணீர் பெரும்பாலும் போவது சிலிக்கான் தகடு செய்யும் ஆலைகளுக்கும் கட்டடங்களின் குளிர்கோபுரங்களுக்கும்தான். சிப்பைக் கழுவிப் பிறப்பிப்பதும், அது ஓடும் கட்டடத்தைக் குளிரவைப்பதும் இந்தத் தீவில் ஒரே தண்ணீர். என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

நிரப்பும் நாளில் அவசரப்படக்கூடாது. முதலில் காற்று: கைப்பம்பும் அழுத்தமானியும் உள்ள சோதிப்பானை மாட்டி, அரை பார் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் நகராமல் நிற்கிறதா பார்க்க வேண்டும். முள் அசைந்தால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு இணைப்புகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அப்புறம்தான் தண்ணீர். பம்புக்குப் போவதைத் தவிர பவர் சப்ளையின் எல்லாக் கம்பிகளையும் கழற்றி, 24 ஊசி இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைக்கும் சிறு சொருகியைப் போட்டால், பம்ப் மட்டும் ஓடும்; மற்ற எதற்கும் மின்சாரம் போகாது. ஒவ்வோர் இணைப்புக்கடியிலும் சமையலறைத் தாள். ரிசர்வாயர் காலியாகும் முன் பம்பை நிறுத்து, நிரப்பு, மறுபடி ஓட்டு. காற்று வெளியேற பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். கார்டுக்குள் சிக்கிய குமிழி கரகரவென்று சத்தமிட்டுக்கொண்டே வந்து சேரும். ஓர் இரவு முழுக்க அப்படியே ஓடட்டும். வடிகால் வால்வை மிகத் தாழ்ந்த இடத்தில் வைத்திருந்தால் ஆண்டுக்கொரு முறை தண்ணீர் மாற்றுவது அரை நாள் வேலை. வைக்காதவர்கள் பெட்டியைத் தலைகீழாகத் தூக்க வேண்டிவரும்.

இப்போது அந்த வீட்டில் ரெண்டர் ஓடும்போது கேட்பது கூரை விசிறியின் சத்தம் மட்டும்தான். தண்ணீர் 42, சில மத்தியானங்களில் 44. அக்கா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் வந்த மாதிரி இருக்கேடா" என்றாள். அதன் இயல்பே அதுதான்க்கா என்றேன்.

மருமகனுக்கு அடுத்த வேலை கிடைத்துவிட்டது. ரேடியேட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டிய அவசியம் என்ன, ஜன்னலோரத்தில் வைத்தால் என்ன என்கிறான். சரியான கேள்வி. ஒன்பது விசிறி பிடிக்கும் பெரிய ரேடியேட்டரை உள்பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே தரையில் நிறுத்தி, சூடான காற்றை நேரே வெளியே தள்ளிவிட்டால் 460 வாட்டும் அறைக்குள் வராமலேயே போய்விடும். ஜன்னலுக்கு வெளியே எதையும் மாட்டக்கூடாது. கீழே தேக்காவுக்கு வரும் கூட்டம் எந்நேரமும் நடந்துகொண்டிருக்கிறது. போகவும் வரவும் இரண்டரை மீட்டர் குழாய், நடுவில் ஒழுகாமல் கழற்றக்கூடிய இணைப்பு ஒரு ஜோடி. அந்த இணைப்புகள் ஓட்டத்தைக் கணிசமாகக் கடிக்கும். டி5-ஐ நாலாம் வேகத்துக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 3 லிட்டர் மிஞ்சுமா, இல்லை இரண்டாவது பம்ப் தொடராகப் போட வேண்டுமா என்பதை அளக்க, ஓட்டமானி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம்.